தயவுசெய்து தடுக்காதீர்கள்

தையற்காரி அந்த மின்னஞ்சல் கடிதத்தை நான்காவது முறையாகப் படித்தாள். படித்துவிட்டு எழுந்து போய், ஏற்கெனவே மூடியிருந்த ஜன்னலை மறுபடி மூடினாள்.

புற்றுநோயால் மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் கூச்சமில்லாமல் போட்டுக்கொள்ளச் சட்டை தைப்பது எப்படி என்று இணையத்தில் தனக்கென ஒரு பக்கம் வைத்து எழுதுகிறவள் அவள். கேட்டவர்களுக்கு, துணி வெட்டுவதற்கான அளவுக் காகிதத்தை, பேப்பர் கட்டிங்கைத் தபாலிலும் அனுப்புவாள். அப்படி வாங்கிய ஒரு பெண் முந்தாநாள் கேட்டிருந்தாள்: "அக்கா, உங்க பக்கத்துல இருக்கிற வேர் மருந்தைச் சாப்பிடலாமா?" என் பக்கத்தில் மருந்தே கிடையாது, வேறெங்கோ பார்த்திருப்பீர்கள் என்று இவள் பதில் போட்டாள்.

இன்று காலை வந்த பதில்தான் இது. "உங்க பக்கம்தான் அக்கா. விளம்பரத்தை மறைக்கிற ஆட் பிளாக்கரை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருந்தீங்களே, உங்களுக்காக நிறுத்தினேன். அப்புறம்தான் அது கண்ணுல பட்டுச்சு. நாளைக்கு ஊசி போட வரலைன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன். நீங்க போட்டிருந்தா நல்லதாத்தானே இருக்கும்?"

அவள் தன் பக்கத்தைத் திறந்தாள். துடைத்து வைத்த தட்டுபோல இருந்தது. உச்சியில், 'தயவுசெய்து தடுக்காதீர்கள், விளம்பரம்தான் இந்தப் பக்கத்துக்குச் சோறு போடுகிறது' என்று அவளே எழுதிய வரி. எந்த விளம்பரம் வரும் என்பது விளம்பரக் கம்பெனியின் முடிவு. கீழே மருந்தும் இல்லை, மாயமும் இல்லை.

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனாரின் போனைக் கேட்டு வாங்கினாள்.

"என்ன அண்ணி அதிசயமா? உங்க பக்கம் அத்தனை விளம்பரத்தோட என் போன்ல திறக்கிறதுக்குள்ள துணி நைஞ்சு போயிடும். எத்தனை தடவை சொல்லிட்டேன்."

சொன்னாள்தான். நாத்தனார் பேச்சு என்று இவள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திறந்தது. அளவெடுக்கும் படத்துக்கும் வெட்டும் படத்துக்கும் நடுவில், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்தார். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், நாற்பதே நாள். சுற்றிலும் அவள் பக்கத்தின் அதே இளம்பச்சை. அவளே பரிந்துரைப்பதுபோல இருந்தது.

கணினி பழுது பார்க்கும் கணவனைக் கடைக்கே போய்ப் பிடித்தாள்.

"என் கம்ப்யூட்டர்ல நீங்க எதையாவது போட்டு வச்சிருக்கீங்களா?"

"ஆட் பிளாக்கர்தானே? போன வருஷமே போட்டாச்சு. கடைக்கு வர்ற எல்லா மெஷினுக்கும் போடுறேன், உனக்குப் போடாம இருப்பேனா? எழுதுறப்ப உன் கண்ணுல தூசி விழக் கூடாதுன்னுதான்."

மாதக்கணக்காக இருவருக்கும் இதே சண்டைதான். ஓசியில் படிக்கிறவர்களுக்கு விளம்பரம் மட்டும் கசக்கிறதா என்பாள் அவள். வீட்டுக்குள் வந்து கத்துகிறவனை வெளியே தள்ளுவது தப்பா என்பான் அவன். சாப்பிட உட்கார்ந்தாலும் ஓயாத சண்டை. இப்போது அவள் கடிதத்தைக் காட்டினாள். பார்த்தாயா என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் கடை ஷட்டரை இழுத்து விட்டான்.

"பதில் எழுதினியா?"

"மூணு தடவை எழுதிட்டேன். விளம்பரத்தையும் மொத்தமா எடுத்துட்டேன். அவ பார்க்கவே இல்ல. போன் நம்பர் கிடையாது, கட்டிங் அனுப்பின விலாசம்தான் இருக்கு."

"எவ்வளவு தூரம்?"

"பஸ்ல மூணு மணி நேரம்."

"வா."

பேருந்தில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்ன சொல்வது? நான் பார்க்கவில்லை என்றா? தன் வீட்டு வாசலில் என்ன தொங்குகிறது என்று தெரியாதவளை எவள் நம்புவாள்? அவள் கண்ணுக்கு விளம்பரத்தை அடைத்தவன் பக்கத்தில் இருக்கிறான். அந்தப் பெண்ணைத் திறக்கச் சொன்னவள் அவளேதான். கணவன் அவள் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

மாடிப்படி ஏறி மூன்றாவது கதவைத் தட்டினாள். திறக்க நேரமானது. தலையில் துணி கட்டிய பெண், இவள் நினைத்ததைவிட இளையவள், ஒரு தோளைச் சாய்த்துக் கதவைப் பிடித்திருந்தாள். சட்டை கட்டிங் அனுப்பிய அக்கா நான்தான் என்றாள் இவள். அவள் பார்வை இவள் முகத்தைத் தாண்டி, பின்னால் கணவன் கையிலிருந்த பைக்குப் போனது. முகம் மெல்ல மலர்ந்தது.

"மருந்து கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே, கதவை முழுதாகத் திறந்தாள்.