ஏழாம் கிரேடு

அந்த வாரம் ஜெனிஃபா போன் பண்ண வேண்டியவர்கள் இருபத்திரண்டு பேர். எல்லோரும் மறதி நோய் ஆராய்ச்சிக்குத் தாங்களாகவே முன்வந்து பெயர் கொடுத்தவர்கள். கொரோனாவால் அவர்களை வேலூர் ஆஸ்பத்திரிக்கு வரவழைக்க முடியாமல் போனதும், "வீட்டுலேர்ந்தே பேசி அவங்க மனசைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று ஆராய்ச்சியில் வேலை பார்த்த அவள் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டார்கள். பெரிய படிவம்! மனசு எப்படி இருக்கிறது, ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஒரு எண். மூன்றுக்குக் கீழே சொன்னால் கவுன்சிலர் பேசுவார். ஏழு சொன்னால் ரொம்ப சந்தோஷம், அடுத்த ஆளுக்குப் போகலாம்.

ஆம்பூர் கோவிந்தசாமி ஆறு வாரமாக ஏழுதான். அறுபத்தாறு வயது, லேசான மறதி. அவர் மனைவி எல்லம்மா கொரோனாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் ஏழு, இறந்த வாரத்தில்கூட ஏழு என்றார். ஜெனிஃபா அசந்தே போனாள். 'மன உறுதி அதிகம். கவுன்சிலிங் தேவையில்லை' என்று தன் கையாலேயே எழுதி வைத்தாள். அழுகிறவர்களுக்கே நேரம் போதாத காலத்தில் இப்படி ஒருவர் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? அவரைக் கடைசியில் வைத்து இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவாள்.

எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று முதல் வாரம் விளக்கியிருந்தாள். மறதிக்காகப் பெயர் கொடுத்த மனிதரிடம் அதை மறுபடி சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. படித்த பெண்தான், என்ன செய்வது?

அன்று அவர் குரல் சரியில்லை. நாக்கு தடித்த மாதிரி இழுத்து இழுத்துப் பேசினார்.

"இன்னிக்கு மனசு எப்படி ஐயா? ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும்?"

"எட்டுன்னு போட்டுக்கோம்மா."

"எட்டு கெடையாதே ஐயா. அவ்ளோ சந்தோஷமா?" என்று சிரித்தாள் பாவி.

"சந்தோஷமா? இன்னாம்மா பேசற நீ? முப்பத்தஞ்சு வருஷம் டேனரில தோலு தரம் பிரிச்சவன் நானு. ஒண்ணாம் கிரேடுன்னா பழுதே இல்லாத தோலு. பூச்சி அரிச்சி, கத்தி பட்டு, கிழிஞ்சி, எதுக்கும் ஒதவாம போனா அது ஏழு. ஆறு வாரமா சொல்லிக்கினுதானே இருக்கேன்? நீயும் சரிங்கய்யா சரிங்கய்யான்னு எழுதிக்கினே."

ஜெனிஃபா பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஐயா, சாப்டீங்களா?"

"மூணு நாளாச்சி. சுகர் ஊசியும் நிறுத்திட்டேன். யாருக்காகப் போட்டுக்கணும்? இனிமே போன் பண்ணாதம்மா. நீ நல்ல பொண்ணு."

வைத்துவிட்டார்.

மறுபடி அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. இன்னொரு முறை அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். "ஜோனதன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் புருஷன் ஷேவிங் நுரையோடு ஓடி வந்தான். அவன் தன் போனில் நூற்றெட்டுக்கு விலாசம் சொன்னான். வண்டி வரும், ஆனால் உள்ளே தாழ் போட்டிருந்தால் யாராவது திறந்துவிட வேண்டும் என்றார்கள்.

யார் திறப்பது? ஜெனிஃபா கோப்பைப் புரட்டினாள். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்: எல்லம்மா, மனைவி. அந்த அம்மா போய் ஒரு மாதமாகிறது. எண்ணை மாற்ற வேண்டும் என்றுகூட ஒருத்திக்குத் தோன்றவில்லையே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். வேறு எண்ணும் இல்லை. கர்த்தாவே என்று அதையே அழுத்தினாள்.

மணி அடித்தது. ஐந்தாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

"அலோ? எல்லம்மாவுக்கா போன் பண்ணீங்க?"

கோவிந்தசாமிதான்.

"நான்தான் ஐயா, ஜெனிஃபா. வெச்சிடாதீங்க."

"தெனம் சார்ஜ் போட்டு வெக்கறேம்மா. அவளக் கேட்டு யாராச்சும் பேசுவாங்கன்னு. ஒருத்தர்கூட பேசல."

ஜெனிஃபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஐயா, தப்பு பண்ணிட்டேன். ஏழுன்னா ரொம்ப நல்லா இருக்கீங்கன்னு எழுதிட்டேன். ஆறு வாரமும் அப்படியே எழுதிட்டேன். திட்டுங்க என்னை."

அவர் திட்டவில்லை. மூச்சு வாங்கியது.

"கிரேடு மாத்திப் போட்டுட்டியா? நானும் போட்டிருக்கேன். எங்க மேஸ்திரி ஒண்ணும் அடிச்சிட மாட்டாரு. வெளிச்சத்துல வெச்சி மறுபடி பாருடாம்பாரு."

"அப்போ உங்க கிரேடையும் மறுபடி பாருங்க ஐயா. வீட்டுக்குள்ள வெளிச்சம் இருக்கா?"

"ஜன்னல் கதவெல்லாம் சாத்திதான் கெடக்குது."

"இருட்டுல எப்படிப் பாப்பீங்க? வாசக் கதவைத் தெறங்க."

"முடியலம்மா."

"செவுரைப் புடிச்சிக்கினு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

செருப்பு தேயும் சத்தம். ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ஜோனதன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "ஐயா? ஐயா?" என்று அவள் கத்தியதில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

கடைசியில் தாழ் இழுபட்டது. வெளியே தெருச் சத்தம், ஒரு ஆட்டோ, அப்புறம் ஒரு ஆளின் குரல்: "அரே கோவிந்து! இன்னாய்யா இது கோலம்? கொரோனான்னு எட்டி நின்னா இப்டியா பேஜார் பண்ணுவ? உக்காரு, உக்காரு!" கூட வேலை பார்த்த ஷபீ அஹமதுவாம், எதிர்வீடு. நூற்றெட்டு வரும்வரை அவர்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டார். போனை அணைக்க ஜெனிஃபா விடவில்லை. வண்டியில் ஏற்றும்போது அவளே கேட்டாள்.

"ஐயா, வெளிச்சத்துல பாத்தீங்களே. உங்க கணக்குல இப்போ எத்தனாவது கிரேடு?"

"ஆறு" என்றார்.

"ஆறுன்னா?"

"தூக்கிப் போட மாட்டாங்க. மேல பூச்சு குடுத்து ஓட்டிடலாம்."

ஜெனிஃபா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் குறிப்பில் எழுதியிருந்த 'மன உறுதி அதிகம்' என்பதைக் கோடு போட்டு அடித்தாள். பிறகு காலையிலேயே இரண்டு நிமிடத்தில் பேசி முடித்திருந்தவர்களின் தாள்களை மறுபடி எடுத்தாள். ஜியாவுதீன், பேரணாம்பட்டு. முன்பு பார்த்த வேலை, தோல் தரம் பிரிப்பது. ஐந்து வாரமாக ஏழு.

உடனே அவர் எண்ணை அழுத்தினாள்.