சீக்குக்கு வைத்த பேர்

படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கக் கிளம்பிய சரிதாவுக்கு, அன்றும் குளிக்கும் தடுப்புக்குள்ளிருந்து கார்பாலிக் சோப்பு வாடை வந்தது. உள்ளே கணவன் ஜெகதீசன் எரிச்சலில் முனகினான்.

"ஏனுங்க, எங்கியாச்சும் காயமா? ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க."

"உன் வேலையப் பார்த்துட்டுப் போ."

ஜெகதீசனுக்குக் கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ பேக்டரியில் வேலை. சில மாதங்களாக அவனுடைய ஆணுறுப்பின் நுனித்தோல் வெளுத்து, அரித்து, இறுகிக்கொண்டே வந்தது. டாக்டரிடம் காட்ட வெட்கம். கூட வேலை செய்யும் பாண்டியனிடம் மட்டும் சொன்னான்.

பாண்டியன் சிரித்தான். "மாப்ள, அது பொம்பளச் சீக்கு. எந்தப் பக்கம் போயிட்டு வந்தே?"

ஜெகதீசன் எந்தப் பக்கமும் போனவனில்லை. அப்படியானால் வீட்டிலிருக்கும் பொம்பளையிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டான். நோய்க்கு வைத்த பேரே அவனுக்குச் சாட்சியாகிவிட்டது, பாவம்.

அன்று சாயங்காலம், தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "எவங்கிட்டடி வாங்கிட்டு வந்தே?"

சரிதா அழுதாள், சத்தியம் செய்தாள். பக்கத்து வீடுகளில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. மறுநாள் பந்தலூரிலுள்ள அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து, சிறுநீர் போகவே முடியாமல்தான் ஜெகதீசன் ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் நெல்சன் பார்த்தார். ரத்தம் எடுத்தார், தோலில் ஒரு துணுக்கும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்.

"இது தோல்ல வர்ற அழற்சிங்க. கேன்சர் இல்ல, ஒட்டுவாரொட்டியும் இல்ல. யாருகிட்டருந்தும் வராது, யாருக்கும் போகாது. அப்பவே வந்திருந்தா களிம்புலயே அடங்கியிருக்கும். இப்பத் தோல் இறுகிருச்சு, சின்னதா ஆபரேஷன் பண்ணணும்."

"அப்ப எம் பொண்டாட்டி, சார்?"

"அவங்களுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

ஆபரேஷன் முடிந்து புண் ஆறியதும், அந்தச் சோதனைச் சீட்டோடு பந்தலூர் போனான். தேயிலைச் சரிவில் நின்றிருந்த சரிதாவிடம் அதை நீட்டினான். "தப்புப் பண்ணிட்டேன் சரிதா. வா, நம்ம ஊட்டுக்குப் போலாம்."

அவள் அதை வாங்கவில்லை. கொழுந்துக் கறை படிந்த விரல்களைப் படங்கில் துடைத்துக்கொண்டாள்.

"எந்த எடத்துல வந்தாலும் சீக்கு சீக்குதாங்க. அத டாக்டருகிட்ட காட்டணும். நீங்க அத மறச்சு வெச்சுட்டு, எம் மானத்த வெளிய காட்டுனீங்க."

ஜெகதீசனின் கை நீட்டியபடியே இருந்தது.

"இந்தச் சீட்டு எனக்கெதுக்கு? இதுல இருக்கறது எனக்கு அன்னைக்கே தெரியும். லயத்துல கொண்டுபோய்ப் படிச்சுக் காட்டுங்க. அன்னைக்குக் கத்துன அதே சத்தத்துல படிங்க."

திரும்பி, செடிக்குள் கை விட்டாள்.