வலது பக்கச் சுவர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. நேற்று எங்கள் வீட்டுச் சுவர்களை அளக்க வந்த பெயிண்டர் சிரிப்பதற்காகச் சொன்னது. நானும் சிரித்தேன். அவர் போன பிறகுதான் பயந்துபோய்ப் பேனாவை எடுத்தேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'நிறங்களும் மனிதர்களைப் போலத்தான், அருகருகே வைத்தால்...' (அடித்துவிட்டேன். பயந்து போயிருப்பவனுக்குத் தத்துவம் எதற்கு?)

2

பெயிண்டர் போன வாரம் வேலை பார்த்த ஒரு வீடு. கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். என் மகள் போகும் வேன். மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறாள். படுக்கையறைக்கு கிரீமா, சந்தனமா என்று இருவருக்கும் இழுபறி. இரண்டுக்கும் நூலிழைதான் வித்தியாசம். வெள்ளைச் சுவரில் இடப்பக்கம் கிரீம், வலப்பக்கம் சந்தனம் என்று ஆளுக்கொரு பட்டை அடித்துக் காட்டும்படி பெயிண்டரிடம் சொல்லியிருந்தார்கள்.

அவள் சமையலறையிலிருந்து கேட்டாள். "பாத்தீங்களா? எது நல்லாருக்கு?"

அவர் சுவருக்கு முன்னால் நின்றபடி சொன்னார். "வலது பக்கம்தான். சந்தனம் நல்லா எடுப்பா இருக்கு."

பெயிண்டர் அப்போதுதான் இரண்டாவது டப்பாவோடு உள்ளே வந்தார். "அண்ணே, வலது பக்கம் இன்னும் அடிக்கவே இல்லையே!"

அவள் கரண்டியோடு ஓடிவந்தாள். வெறும் சுவரைப் பார்த்தாள். பிறகு அவர் கண்களை.

3

இங்கே எனக்கு இந்தக் கணவர் மீது சந்தேகம். பேச்சை முடித்தால் போதும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். எந்தப் புருஷன் சொல்லவில்லை? (எங்கள் வீட்டுத் திரைச்சீலையை நான் தேர்ந்தெடுத்ததே அப்படித்தான்.)

"பாக்காமத்தானே சொன்னீங்க? பாக்கலைன்னு சொல்லுங்க!" என்று அவள் கெஞ்சினாளாம். புருஷன் அலட்சியமாக இருந்திருக்க வேண்டுமே என்று ஒருத்தி தவித்து நான் கேட்டதில்லை.

"ஆமா, பாக்கல" என்றாராம். வலப்பக்கச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னாராம்.

4

முடிவு, ஒன்று: சோம்பேறித்தனம். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

முடிவு, இரண்டு: அவள் வேன் சாவியை ஒளித்துவைக்கிறாள். அவர்...

(தெரியவில்லை. நேரில் போய்க் கேட்டிருக்கலாம். தப்பாக இருந்தால் ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போட்டவனாவேன். அதனால் கதை எழுதுகிறேன், கோழை.)

5

ஹாரன் சத்தம்.

"அப்பா, வேன் மாமா வந்துட்டாரு. இன்னைக்கும் நம்ம வாசலத் தாண்டிப் போய்தான் நிறுத்தியிருக்காரு!"

ஒரு கையில் பேனா. இன்னொரு கையால் மகளின் பையைப் பிடித்திருக்கிறேன்.

"விடுப்பா, எல்லாரும் பாக்கறாங்க."

விடமாட்டேன். வேறு முடிவு வேண்டும் என்பவர்கள் தங்கள் பிள்ளையை அந்த வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு எழுதட்டும்.