வெள்ளைச் சுவரில் வெள்ளை ஓரம்

சட்டம் போடாமல் மாட்டும் படத்துக்கு ஓரம்தான் மரியாதை என்பது அமெரிக்காவின் டுலூத் நகரில் ஓவியக்கூடம் நடத்தும் பெவர்லியின் கட்சி. சிக்னி வரைந்து கொண்டுவந்த படத்தில், கித்தான் துணி மடிந்து இறங்கும் பக்கவாட்டைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இதென்ன சிக்னி, ஆரஞ்சு? பாதியில எழுந்து போன மாதிரி இருக்கு. சாயங்காலம் திறப்பு. ஒழுங்கா ஒரு நிறம் அடிச்சுக் கொண்டா, இல்லேன்னா மாட்ட மாட்டேன்."

சிக்னி எந்தப் படத்தையும் ஆரஞ்சு பூசித்தான் தொடங்குவாள். மேலே என்ன வந்தாலும் ஓரத்தில் அது அப்படியே நிற்கும். இத்தனை காலம் யாரும் அதைக் கேட்டதில்லை. யாரும் அவளைக் கூடத்துக்கு அழைத்ததுமில்லை, அது வேறு விஷயம்.

ஆனால் இந்தப் படம் சுவரேறியே ஆக வேண்டும். அவள் கணவன் எய்னோவுக்கு நடுப்பார்வை போய்விட்டது. எதிரே இருப்பதெல்லாம் புகை. கோழி மாதிரி தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால்தான் பார்ப்பான். மிச்சமும் தேய்ந்துகொண்டே வருகிறது. அது போவதற்குள், அவள் அதில் வரைந்திருக்கும் உறைந்த ஏரியையும், பனியில் துளையிட்டு மீன் பிடிக்க அதன்மேல் அவன் போட்ட குடிசையையும் நல்ல வெளிச்சத்தில் அவன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதனால்தான் வீட்டில் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தாள்.

காகிதத் துண்டுகளில் வண்ணம் பூசி ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். கறுப்பு வைத்தால் இரங்கல் அட்டை. சாம்பல் வைத்தால் ஏரியே அழுக்கானது. நீலத்தில் பனி செத்தது. கடைசியில் பயந்தவர்கள் எடுக்கும் முடிவை எடுத்தாள்: சுவர் வெள்ளை, ஓரமும் வெள்ளை. எண்ணெய் வண்ணம் மாலைக்குள் காயாது. எனவே சீக்கிரம் காயும் அக்ரிலிக் வண்ணத்தை எடுத்து ஆரஞ்சு எண்ணெய்ப் பூச்சின் மேலேயே அடித்தாள். அது ஒட்டாது என்று எந்தக் கத்துக்குட்டிக்கும் தெரியும். இன்று ஒரு பொழுது தாங்கினால் போதும் என்று நினைத்தாள்.

மாலையில் நல்ல கூட்டம். எய்னோவைக் கைப்பிடித்துக் கூட்டி வந்து படத்தின் முன் நிறுத்தினாள். அவன் தலையை இடப்பக்கம் சாய்த்தான், வலப்பக்கம் சாய்த்தான்.

"இன்னும் மாட்டலையா?" என்றான்.

"உன் முன்னாடிதான இருக்கு, கிழவா."

"கதை விடாத. உன் படம்னா ஓரத்துல ஒரு நெருப்புக் கோடு தெரியும். அதப் புடிச்சுக்கிட்டுத்தான நான் உள்ளயே போவேன். இங்க வெறும் சுவருதான் இருக்கு."

இதை ஒரு நாளாவது வாய் திறந்து சொன்னானா, பாவி மனுஷன்! சிக்னி படத்தின் மூலையில் நகத்தை வைத்து நெம்பினாள். வெள்ளை பாலாடை மாதிரி உரிந்து நீளமாகக் கையோடு வந்தது.

பெவர்லி பதறி ஓடி வந்தாள். "ஐயோ, என்ன பண்ற? எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும். அதுக்குத்தான வந்திருக்காங்க."

நான்கு பக்கமும் உரித்துவிட்டுத் தள்ளி நின்றாள். எய்னோ தலையைச் சாய்த்தான். ஆரஞ்சு இருந்த இடத்தில் அவன் முகம் நின்றது. பிறகு மெல்ல உள்பக்கம் நகர்ந்தது. கேட்கவும் பயமாக இருந்தது அவளுக்கு.

"குடிசைக் கதவ ஏன் தொறந்து போட்டிருக்க?" என்றான். "குளிரு உள்ள வருமே."