மூணாவது ஃபியூஸ்

எங்க வீட்டுக்காரருக்கு என் பைக்கைக் கண்டாலே ஆகாது. இதை முதல்லயே சொல்லிடறேன். கட்டின புருஷனைப் போய் ஏன் சந்தேகப்பட்டேன்னு அப்புறம் யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

காலையில நாலு கிளினிக்குக்குப் போய் ரத்த மாதிரிகளை வாங்கி, எட்டரைக்குள்ள லேப்ல சேர்க்கறது என் வேலை. மாசத்துல மூணு தடவை லேட்டானா ரூட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்னு சூப்பர்வைசர் அம்மா முகத்துக்கு நேரா சொல்லியிருக்காங்க. இந்த வாரம் திங்களும் லேட், செவ்வாயும் லேட். ரெண்டு நாளும் சாவியைத் திருப்பினா பைக் பொணமா கிடக்குது. மெயின் ஃபியூஸ் போச்சு.

பத்து நாள் முன்னாடிதான் ரெண்டு ஃபாக் லைட், போன் சார்ஜர், பெரிய ஹாரன் மாட்டினேன். எல்லாம் என் கையால. சாவி போடாமலே சார்ஜ் ஏறணும்னு மெயின் ஃபியூஸ் பக்கத்துல இருந்து நேரா ஒரு வயர் இழுத்து, ஹேண்டிலுக்குக் கீழ கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டினேன். எனக்கு ஒரு வயர் தொங்கக் கூடாது. கொடியில காயற துணி கோணலா இருந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது.

திங்கட்கிழமை பட்டறைக்காரர் பார்த்துட்டு, "லோடு தாங்கலைம்மா, ஒண்ணொண்ணா கழட்டிப் பாரு"ன்னார். அன்னிக்கு சாயங்காலமே லைட்டையும் ஹாரனையும் கழட்டினேன். செவ்வாய்க்கிழமை காலையில மறுபடி போச்சு. சார்ஜரையும் பிடுங்கிப் போட்டேன். இப்ப வெறும் வயர் மட்டும்தான் மிச்சம்.

அன்னிக்குத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. போன வாரம் வீட்டுக்காரருக்கு முதல் ஷிப்ட். விடியறதுக்கு முன்னாடி வீட்டை ஒட்டின குறுகல் சந்து வழியா சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போகணும், அதனால நான் பைக்கைத் தெருவிலேயே விட்டிருந்தேன். ஆறு நாளும் ஒரு ஃபியூஸ் போகலை. இந்த வாரம் ரெண்டாவது ஷிப்ட், ஆள் காலையில வீட்டுல. பைக்கும் சந்துக்குள்ள. ஃபியூஸும் போகுது!

போதாக்குறைக்கு, "பேசாம லேப்ல உட்கார்ந்து பார்க்கிற வேலை கேளேன், ரோட்டுல போற வேலை எதுக்கு?"ன்னு மாசத்துக்கு நாலு தடவை சொல்ற மனுஷன். செவ்வாய் முழுக்க அவர் காபி குடிக்கறதைக்கூட ஓரக்கண்ணால பார்த்தேன். "என்ன, அப்படிப் பார்க்கறே?"ன்னார். "ஒண்ணுமில்லையே"ன்னேன்.

புதன்கிழமை காலையில புது ஃபியூஸ் போட்டு, பைக் ஸ்டார்ட் ஆகறதைப் பார்த்துட்டு, குளிக்கப் போற மாதிரி போய் பாத்ரூம் ஜன்னல் வழியா கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு நின்னேன். குழாயைத் திறந்து விட்டிருந்தேன், சத்தம் கேட்கணுமே.

வந்தார். சுத்திமுத்தும் பார்த்தார். என் பைக்கைப் பிடிச்சார். எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. வீட்டைச் சுத்தி ஓடிப் போய்ச் சேர்ந்ததும் அவர் கையைத் தட்டிவிட்டு சாவியைத் திருப்பினேன். செத்துக் கிடந்தது.

"கையும் களவுமா மாட்டினீங்களா! என் வேலை போனா உங்களுக்கு நெஞ்சு குளிருமா? பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்றது. இப்படித் திருட்டு வேலை பார்க்க வெட்கமா இல்லை?" நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி இன்னும் நாலு கேட்டேன். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"திருப்பி வச்சேன்"னார் மெதுவா. "நீ சாயங்காலம் சுவரைப் பார்க்க விட்டுடறே. இந்தச் சந்துல உன்னால திருப்ப முடியலை, முட்டியெல்லாம் இடிச்சுக்கறே. அதான் தினமும் நான் திருப்பி வைக்கறேன்."

மாடி வீட்டுக்காரர்தான் தன் ஸ்கூட்டரை எடுக்கத் திருப்பி வைக்கிறார்னு நான் இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். ஆனாலும் நம்பலை. "எங்கே, என் கண் முன்னால திருப்புங்க"ன்னு இன்னொரு ஃபியூஸைப் போட்டு, சாவியைத் திருப்பி விளக்கை எரிய விட்டேன். அவர் ஹேண்டிலை இடது பக்கம் முழுசா ஒடிச்சார். ஹேண்டில் கழுத்துப் பக்கம் 'சிட்'னு ஒரு சத்தம். விளக்கு அணைஞ்சது.

குனிஞ்சு பார்த்தேன். நான் இறுக்கிக் கட்டின அதே கேபிள் டை. ஹேண்டில் முழுசா ஒடியற போதெல்லாம் வயர் இரும்புல தேய்ஞ்சு, தோல் உரிஞ்சு, செம்பு பளபளன்னு தெரிஞ்சது. அது இரும்புல பட்டதும் ஃபியூஸ் போயிருக்கு. ரோட்டுல யாரும் அவ்வளவு ஒடிக்கறதில்லை. இந்தச் சந்துல திருப்பினாத்தான்.

எனக்குத் தலை நிமிரலை. டையை வெட்டினேன், வயரைக் கழட்டிப் போட்டேன். பெட்டியில கடைசியா இருந்த ஃபியூஸை அவரே எடுத்து நீட்டினார்.

"உன் வேலை போகணும்னு நான் நினைப்பேன்னு நிஜமாவே நம்பினியா?"

"நேரமாச்சு"ன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். எட்டு இருபதுக்கெல்லாம் லேப்ல இருந்தேன். ரூட் தப்பிச்சது.

மறுநாள் காலையில வெளியே வந்தேன். பைக் சுவரைப் பார்த்தபடி, நான் விட்ட இடத்துலயே நின்னுச்சு. உள்ளே அவர் பேப்பர் புரட்டற சத்தம் கேட்டது. முன்னும் பின்னுமா பதினோரு தடவை இழுத்தேன். முட்டி ரெண்டு தடவை சுவர்ல இடிச்சது. ஹேண்டிலை இடது பக்கம் முழுசா ஒடிச்சேன், வேணும்னே இன்னொரு தடவையும் ஒடிச்சேன்.

ஃபியூஸ் போகலை. போயிருந்தா அவரைக் கூப்பிட ஒரு சாக்காவது கிடைச்சிருக்கும்.