போர்வைக்கடியில் பன்னிரண்டு ரேடியோக்கள்

காலுறையில் ஓட்டை இருக்கிறது என்று இவனிடம் சொல்லலாமா, வேண்டாமா? சொன்னால் கூட வந்தவர் முன்னால் கூசிப்போவான். சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இப்படியே போய் நிற்பானோ. நாற்பத்தொரு கம்பெனிகளைப் பார்த்துக்கொள்கிறவனின் கால் கட்டைவிரலைப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

பில்-ரே இரண்டு கையையும் நீட்டினாள். அண்ணன் மகன் கொண்டுவந்த பேரிக்காய்ப் பெட்டியை வாங்கிச் சமையலறையில் வைத்தாள். பட்டுத் துணியில் முடிச்சுப் போட்ட பெட்டி. ஒரு ஆள் தின்று தீர்க்கிற அளவில்லை.

"உக்காரு கி-தே. தரை அங்கதான் நல்லா சுடும். போர்வையை இழுத்துக் காலை மூடிக்கோ."

யொங்ஹா குழுமத்தின் துணைத் தலைவர் குவாக் கி-தே, நாற்பத்தெட்டு வயது, அடியிலிருந்து சூடேற்றிய தரையில் உட்கார்ந்து பழைய போர்வைக்குள் காலை நீட்டினான். ஓட்டை மறைந்தது. பில்-ரேக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. கூட வந்தவர் பாங், குழுமத்தின் விளம்பரத் துறைத் தலைவர். அவர் முழங்காலிட்டு உட்கார்ந்து தன் பெட்டியைத் திறந்தார்.

இருவரும் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். காலையிலேயே மகன் இன்-சோப் குவாங்ஜூவிலிருந்து போன் பண்ணிவிட்டான். அவன் அங்கே யொங்ஹா ஏர் கண்டிஷனர் விற்பனையில் பதினோரு வருடமாக இருக்கிறான். அடுத்த மாதம் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் வரலாம், வராமலும் போகலாம்.

"அம்மா, அவங்க என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிடுங்க. அத்தனை வருஷத்துக்கு முன்னால நடந்ததுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"என்ன கேப்பாங்க?"

"ஒரு சாட்சித் தாள்ல உங்க பேர் முத்திரையை வெக்கச் சொல்வாங்க. வெச்சிடுங்க, அவ்ளோதான்."

பாங் தாளை இரண்டு கையாலும் பிடித்து வாசித்தார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று, டிசம்பர். தேஜோன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில், நிறுவனர் குவாக் யொங்-தோக் அவர்களின் மூத்த மகன் சங்-மூன், அப்போது பதினைந்து வயது. வெப்பமே மின்பாகங்களின் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று ஊகித்து, பன்னிரண்டு ரேடியோக்களைச் சூடான தரையில் வைத்துப் போர்வையால் மூடினார். யொங்ஹாவின் தரச் சோதனை அன்றிரவு பிறந்தது. இதை நான் நேரில் கண்டேன்."

"ஊகிச்சானா?" என்றாள் பில்-ரே.

"ஆமாம்மா."

"அவன் அன்னிக்கு ஓடையில ஐஸ் மேல சறுக்கப் போயி முன்பல்லை உடைச்சுக்கிட்டு வந்தான்."

பாங் ஏதோ எழுதினார். பிறகு எழுதியதை அடித்தார்.

பில்-ரே பெட்டியிலிருந்து எடுத்துவந்த பேரிக்காயை உரிக்க ஆரம்பித்தாள். தோல் அறுபடாமல் ஒரே நீளமாக வந்தது. அன்றைக்கு அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா சியோலுக்குப் போயிருந்தார், கடைக்காரர் ஒருவரை அழைத்து வர. 'எல்லாத்தையும் ஒருதடவை போட்டுப் பாரு, பாடுதான்னு' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பன்னிரண்டையும் போட்டுப் பார்த்தாள். பாடின. வெளித் திண்ணையில் விறைத்துக் கிடந்த பெட்டிகள், தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருந்தன. குளிரில் நடந்து வந்தவர்களைப் போல அவளுக்குத் தோன்றியது. யார் குளிரில் வந்தாலும் அந்த வீட்டில் ஒரே வழக்கம்தான், தரையில் நன்றாகச் சுடுகிற இடத்தில் உட்காரவைத்துப் போர்வையால் மூடுவது. அப்படியே மூடினாள். அதற்குள் அம்மா கூப்பிட்டாள், ஓடிப்போனாள். ஒன்றையும் அணைக்கவில்லை. அம்மா அன்றைக்குத் தரைக்கு அடியில் சூடு பரப்பும் அடுப்பில் கரிக்கட்டி ஒன்று அதிகமாகப் போட்டிருந்தாள், தரை கொதித்தது.

அந்த இடத்தில் அப்பாவின் சோறு இருக்க வேண்டும். மூடி போட்ட வெண்கலக் கிண்ணம். அவர் எத்தனை மணிக்கு வந்தாலும் கிண்ணம் சூடாக இருக்க வேண்டும். அன்று கிண்ணத்துக்கு இடமில்லை, கதவோரம் தள்ளி வைத்தாள்.

அப்பா மறுநாள் காலையில்தான் கடைக்காரரோடு வந்தார். சோறு கல்லாக இருந்தது. போர்வையை விலக்கினார். பன்னிரண்டு ரேடியோக்களும் பாட்டரி தீர்ந்து வாயை மூடியிருந்தன. அவர் அவளை ஒரே ஒரு அறை அறைந்தார். இடது கன்னம். வாழ்நாளில் அப்பா அவள் முகத்தைத் தொட்டது அது ஒரு தடவைதான். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதுப் பாட்டரி போட்டபோது எட்டு பாடின. நான்கு பாடவில்லை, சூட்டில் பற்றுவைத்த இடங்கள் விட்டுப்போயிருந்தன. கடைக்காரர் எட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்த எட்டில் ஒன்றுகூடப் பழுதாகித் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்தில் திரும்பி வராத ரேடியோ என்பது கேள்விப்படாத விஷயம். கடைக்காரர் இன்னும் நூறு கேட்டார்.

அந்தச் செய்தி வந்த அன்று சாப்பாட்டில் அப்பா சொன்னார், "இனிமே எல்லாத்தையும் போர்வைக்குள்ள போடணும்." அண்ணனைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் உடைந்த பல்லால் முள்ளங்கியைக் கடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். தொழில் விஷயத்தை அப்பா யாரிடம் சொல்வார்? மகனிடம்தான். மற்றபடி அந்தப் பார்வையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று பில்-ரேக்குத் தெரியும். ஆனாலும் அறுபது வருடமாக அவள் திரும்பத் திரும்பப் போய் நிற்பது கன்னத்தில் விழுந்த அந்த அறையிடம் இல்லை, அந்தப் பார்வையிடம்தான்.

அதன் பிறகு ஏழு வருடம் ரேடியோக்களை மூடுவதும் திறப்பதும் அவள் வேலை. குளிர்ந்த ஓரத்தில் படுத்துக்கொண்டு, எது எப்போது நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பாள். ரேடியோ போய்த் தொலைக்காட்சி வந்தபோது அறை போதவில்லை, தனியாக ஒரு சூட்டறை கட்டினார்கள். அவளை ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். யொங்ஹா பிறகு சலவை இயந்திரம் செய்தது, சில்லு செய்தது, போன் செய்தது, கப்பல் வாங்கியது, ஒரு காப்பீட்டுக் கம்பெனியும் ரொட்டிக்கடைகளும் வைத்தது. ஒரு பேஸ்பால் அணியும் வைத்திருக்கிறது. அது ஒவ்வொரு வருடமும் கடைசி இடத்தில் வரும். அதை மட்டும் யாரும் சூட்டில் வைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

"அத்தை," என்றான் கி-தே. "நேராவே சொல்லிடறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால அப்பா குடிச்சிட்டு ஒரு பத்திரிகைக்காரன்கிட்ட 'அது நானில்ல, என் தங்கச்சி'ன்னு உளறியிருக்கார். அதை எவனோ இப்ப தோண்டி எடுத்துட்டான்."

"சொன்னானா?" அவள் கத்தி நின்றது. "சங்-மூன் அப்படிச் சொன்னானா?"

"குடிச்சிட்டுத்தான் சொன்னார்."

"அவன் குடிச்சாத்தான் பேசுவான்."

அண்ணன் இப்போது குடிப்பதில்லை. மருத்துவமனையின் மேல்மாடியில் எட்டு மாதமாகக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறான்.

"மார்ச்சுல பங்குதாரர் கூட்டம். என்னைத் தலைவராக்கணுமா வேண்டாமான்னு வோட்டு. 'இவன் வெறும் பேரன், ஒரு ரேடியோவைக்கூடப் பிரிச்சுப் பாத்ததில்ல'ன்னு எழுதறாங்க."

"பிரிச்சுப் பாத்திருக்கியா?"

கி-தே பாங்கைப் பார்த்தான். பாங் பேரிக்காயைப் பார்த்தார்.

"இல்ல," என்றான் கி-தே.

"அதனாலதாம்மா தாத்தா, அப்பா, மகன்னு மூணு தலைமுறையும் தொழில்நுட்பம் தெரிஞ்சவங்கன்னு அறுபதாம் ஆண்டு மலர்ல காட்றோம்," என்றார் பாங். "அருங்காட்சியகத்துல அந்த அறையை அப்படியே கட்டிட்டோம். மெழுகு பொம்மை வெச்சிருக்கோம். பையன் கையில ஒரு வெப்பமானி."

"எங்க வீட்டுல வெப்பமானியே கிடையாது. பல் எப்படி?"

"அம்மா?"

"பொம்மைக்கு முன்பல் இருக்கா?"

"எல்லாப் பல்லும் இருக்கும்மா." பாங் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "போர்வைதான் கிடைக்கல. நகல் ஒண்ணு செஞ்சோம். பற்றுவைக்கும்போது பொறி தெறிச்ச ஓட்டைங்க ஏழு. அசல் எங்கயாவது..."

"அஞ்சுதான்," என்றாள் பில்-ரே. "உங்க துணைத் தலைவர் கால் மேல இருக்கு. எண்ணிப் பாருங்க."

கி-தே காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். ஓட்டைக் காலுறை வெளியே வந்தது. பாங் அதைப் பார்க்காதவர் போல, இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றிப் போர்வைக்கு அருகே குனிந்தார். பில்-ரேயின் கல்யாணத்துக்குப் புதுப் படுக்கைகளோடு அம்மா இதையும் மடித்து அடியில் வைத்துக் கட்டியிருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதற்குப் பதில் சொல்ல அம்மாவுக்கு அத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

"அத்தை," கி-தேயின் குரல் இறங்கியது. "உங்க பேரையும் போட்டுடறோம். 'தங்கை பில்-ரேயின் உதவியுடன்'னு."

"ஒரு பொண்ணு பொம்மையும் வெக்கலாம்," என்றார் பாங். "கையில சோத்துக் கிண்ணம்."

அவள் பேரிக்காய்த் தோலைத் தட்டோரம் ஒதுக்கினாள். பாங்குக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது, முகம் மலர்ந்தது. "இல்லன்னா, நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னே போட்டா என்ன? பன்னிரண்டு வயசுப் பொண்ணு, விஞ்ஞானி! இந்தக் காலத்துக்கு அது இன்னும் நல்லா எடுபடும் சார். அத்தையோட ரத்தமும் நம்ம ரத்தம்தானே."

கி-தே யோசித்தான். "அப்பாவை என்ன பண்றது?"

"அவர் ஊக்கம் கொடுத்தார்னு போடலாம்."

இதுதான், நினைத்தாள் பில்-ரே. இதற்குத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன் என்று மனது துள்ள வேண்டும். துள்ளுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். இல்லை. அவள் அன்று எதையும் ஊகிக்கவில்லை. பெட்டிகளுக்குக் குளிருமே என்று நினைத்தாள், அணைக்க மறந்தாள், அறை வாங்கினாள். அவளுடையது என்று ஏதாவது இருந்தால் அந்த மறதியும் அந்தக் கன்னமும்தான். அண்ணன் குடித்துவிட்டாவது அதை அவளிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறான். வெப்பமானியைக் கையில் கொடுத்து இவர்கள் மறுபடி வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

இன்-சோப்பின் முகம் வந்தது. சின்னவனாக இருந்தபோது ஜுரம் வந்தால் இதே போர்வைக்குள்தான் படுப்பான், ஓட்டையில் விரலை விட்டு ஆட்டுவான். குவாங்ஜூவில் மீன் நன்றாகக் கிடைக்கும் என்று எப்போதும் சொல்வான். இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே மீன் தின்னட்டும்.

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல," என்றாள். "அணைக்க மறந்துட்டேன்."

பாங் பணிவாகச் சிரித்தார். "மறந்துட்டாங்கன்னு மலர்ல போட முடியாதும்மா. நாற்பத்தொரு கம்பெனி ஒரு மறதியில ஆரம்பிச்சதுன்னு..."

"போடாதீங்க."

"அத்தை, எப்படி வேணா எழுதிக்கலாம். முத்திரை மட்டும் வெச்சிடுங்க. போர்வையையும் கொடுத்துடுங்க, கண்ணாடிக்குள்ள பத்திரமா இருக்கும். இன்-சோப் விஷயம் என் மனசுல இருக்கு."

பில்-ரே எழுந்தாள். அலமாரியின் சின்ன இழுப்பறையைத் திறந்தாள். கையெழுத்துக்குப் பதிலாக வைக்கிற, மரத்தில் செதுக்கிய அவளுடைய பெயர் முத்திரை அங்கேதான் இருந்தது. பாங் அவசரமாகச் சிவப்பு மைப்பெட்டியின் மூடியைத் திறந்து தாளின் பக்கத்தில் வைத்தார்.

அவள் ஊசியையும் கறுப்பு நூலையும் எடுத்துக்கொண்டு இழுப்பறையை மூடினாள்.

"முத்திரை, அத்தை?"

"அது அங்கயே இருக்கட்டும்."

"போர்வை?"

"ராத்திரி எனக்குக் குளிரும்."

அவள் உட்கார்ந்து, நூல் முனையை நாக்கில் நனைத்து ஊசியில் கோத்தாள். முதல் தடவையிலேயே நுழைந்தது.

"காலுறையைக் கழட்டு கி-தே," என்றாள். "தைச்சுத் தர்றேன். போட்டுக்கிட்டுப் போ."