ஆமத்தூர் பஸ்ஸில் ஒரு டிவி உறை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம் என் வாய்தான்.

2008-ஆம் வருஷம், தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. விருதுநகரில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு சிவகாசி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்து சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். முறுக்கு மீசை. குரோஷா ஊசியில் நீல நூல் பின்னிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் இருந்த மதினியிடம், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"மீசைய முறுக்கி விட்டுக்கிட்டுப் பூப் பின்னுறாகளே மதினி. வீட்ல பொம்பளைக்கு என்ன வேலையோ?"

பஸ் சிரித்தது. அவர் பின்னியதைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார். அந்த அவசரத்தில் நூல் உருண்டை விழுந்து என் காலடிக்கு வந்துவிட்டது. எடுத்துக் கொடுக்கலாம் என்று நூலைப் பிடித்து இழுத்தேன்.

"மெதுவா இழுங்கம்மா. அவுந்துரும்."

அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். ஆமத்தூரில் இறங்கிவிட்டார். இனி வருவதெல்லாம், அவர் பெயர் உட்பட, என் கற்பனை.

2

பெயர் ஊர்க்காவலன். [மீசைக்காக வைத்தேன். சரி, அதில் கொஞ்சம் கேலியும் இருந்தது. மாற்றலாம் என்று நினைப்பதற்குள் மனுஷர் அந்தப் பெயரிலேயே நடமாட ஆரம்பித்துவிட்டார்.]

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மனைவி இறந்த பிறகு ஊர்க்காவலனின் கைகள்"

அடித்துவிட்டேன். ஒரு ஆம்பளை நூல் பின்னுவதற்காக அவர் பெண்டாட்டியைச் சாகடிக்க வேண்டுமா? மூக்கம்மாள் இருக்கட்டும், நல்லபடியாக இருக்கட்டும்.

அடுத்தது: "விரல்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று டாக்டர்"

இதுவும் வேண்டாம்.

நின்றது இதுதான். மகள் ஓவியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வட்டமாக ஒரு துண்டு பின்னி வரச் சொன்னார். ஓவியா இரண்டு சுற்றோடு தூக்கிப் போட்டாள். மிச்சத்தை அப்பா பின்னினார். டீச்சர் பத்துக்கு எட்டு போட்டார். அவருக்கு அந்த வேலை பிடித்துப்போனது. வேறு காரணம் எதுவும் இல்லை.

3

ஊர்க்காவலன் விருதுநகர்ப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிறவர். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. சுற்று இளகினால் வெடி சத்தம் போடாது, சூப்பர்வைசர் திருப்பிப் போட்டுவிடுவார். அதனால் இறுக்குவது ஒன்றுதான் அந்தக் கைக்குத் தெரியும்.

வீட்டில் அரசாங்கம் கொடுத்த கலர் டிவி இருந்தது. அதற்கு உறை பின்னுவதற்குப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கம்பெனியிலும் அப்படித்தான் உட்காருவார். கைக்கு வித்தியாசம் தெரியவில்லை, இறுக்கித் தள்ளிவிட்டது. விரிய வேண்டிய உறை கிண்ணம் மாதிரிக் குவிந்துகொண்டது.

"டிவிக்கு உறை கேட்டா வெடியில்ல சுத்தித் தந்திருக்கீக," என்றாள் மூக்கம்மாள். அதில் சின்ன வெங்காயம் போட்டு அடுப்படியில் வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் சும்மா பஸ்ஸில் எடுத்துப் பார்த்தார். ஆமத்தூர் ரோட்டில் பஸ் போட்ட ஆட்டத்தில் நூலை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. கண்ணிகள் தளரத் தளர விழுந்தன. விருதுநகர் வருவதற்குள் நான்கு சுற்று, மடியில் தட்டையாக விரிந்து கிடந்தது. போக அரை மணி, வர அரை மணி. அவர் கை இளகுகிற நேரம் அது மட்டும்தான்.

[இதை எழுதுவதற்காக நானும் ஒரு ஊசி வாங்கினேன். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் பின்னுகிறேன். வெளியே கொண்டுபோக இன்னும் தைரியம் வரவில்லை.]

கம்பெனி வாசலில் பீடி, தீப்பெட்டி, இரும்புச் சாமான் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். குரோஷா ஊசியையும்தான். வாட்ச்மேன் சங்கிலிமுத்து முதல் வாரம் சிரித்தார். அப்புறம் சாயந்தரம் ஊசியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எம்புட்டு வளந்திருக்கு, காட்டுங்க," என்று கேட்க ஆரம்பித்தார்.

4

எனக்கு முன்னாலும் பஸ்ஸில் பேசியிருக்கிறார்கள். யார் கண்ணிலும் குத்திவிடாதீர்கள் என்று கண்டக்டர் சொன்னார். அடுத்தது வளையலா என்று ஒருத்தன் கேட்டான். அதற்கெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே பின்னினார். நான் சொன்னதற்கு மட்டும் ஏன் நிறுத்தினார்?

"அந்தப் பெண் பேசியதும் அவருக்குக் கோபம்" இல்லை.

"அவருக்கு வெட்கம்" அதுவும் இல்லை.

ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அவரை என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வார். நான் அவர் வீட்டில் இருக்கிறவளைச் சொன்னேன்.

5

மறுநாள் அவர் ஊசியை எடுத்துப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சங்கிலிமுத்து கேட்டதற்கு, சீசன் வேலை அண்ணாச்சி, நேரம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாயில் உட்கார்ந்து பின்னினார். மூன்றே சுற்றில் உறையின் ஓரம் குவிய ஆரம்பித்தது. மூக்கம்மாள் பார்த்துவிட்டாள். பஸ்ஸில் வேண்டாமே, நாலு பேர் பார்ப்பார்கள் என்று முன்னால் சொன்னவளும் அவள்தான். ஏன் இப்படிச் சுருங்குகிறது என்று கேட்டாள். அவர் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னார்.

"எனக்கு என்ன வேலைன்னா கேட்டா அவ?"

"விடு மூக்கம்மா."

"காலைல எட்டு மணிக்குத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போறவ ஆறு மணிக்குத்தான் வாரான்னு சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன வச்சிருந்தீக?"

அவர் உறையைச் சுருட்டி வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டுப் பை கனமாக இருந்தது. தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் உறை, ஊசி, நீல நூல் உருண்டை.

"சுருங்குன மூணு சுத்தையும் அவுத்துட்டேன்," என்றாள் மூக்கம்மாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "வெங்காயத்துக்கு ஒண்ணு போதும். பஸ்ல வச்சே பின்னிட்டு வாங்க."

6

முடிவு.

அவர் பின்னுகிறார், பஸ்ஸே கைதட்டுகிறது. இல்லை. எங்கள் ஊர் பஸ் கைதட்டாது.

நான் அதே பஸ்ஸில் ஏறி அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை நான்கு தடவை எழுதினேன். நான்கிலும் நான் ரொம்ப நன்றாகப் பேசினேன். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்கு இடமே வரவில்லை. கிழித்துவிட்டேன்.

அதனால் நான் இறங்கிக்கொள்கிறேன். எதிர்ப்பக்கத்து சீட் காலியாக இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள்.

பஸ் ஆமத்தூரை விட்டுக் கிளம்பிவிட்டது. ஊர்க்காவலன் மடியில் பை. கை பைக்குள் இருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை. பின் சீட்டில் யாரோ யாரையோ பார்த்துச் சிரிக்கிறார்கள், அவரைப் பார்த்துத்தானா தெரியவில்லை. ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போடுகிறது. பையிலிருந்து நீல உருண்டை நழுவி விழுந்து, உருண்டு, உங்கள் காலடியில் வந்து நிற்கிறது.

அவர் உங்களைப் பார்க்கிறார்.

எடுத்துக் கொடுங்கள். கொடுக்கும்போது என்ன சொல்வீர்களோ, அது உங்கள் பாடு. மெதுவாக மட்டும் இழுங்கள்.